காட்டைப் பெருக்கிய ஞாயிற்றுக்கிழமை

ல, ள, ழ மூன்றும் என் வாயில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். யாரைக் கூப்பிட்டாலும் மூத்ததுதான் ஓடி வரும். இந்தக் குறையை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வருடம் களை எடுக்கிற வேலையில் இருந்துவிட்டு, யாரிடமும் மாட்டாமல் ஓய்வும் பெற்றுவிட்டேன். மாட்டிக்கொண்டது போன மாதம்தான்.

டெங்கில் பக்கத்தில் எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கிற ஒரு தோட்டத்தில் கவிதா என்ற பெண் உதவி மேலாளராக இருக்கிறாள். அவளுடைய அப்பா என்னோடு வேலை பார்த்தவர். அந்த உரிமையில் என்னைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அங்கிள், தமிழ்நாட்டுலேர்ந்து பெர்மிட்ல புதுசா பத்து பேரு வந்திருக்காங்க. பச்சையா எது தெரிஞ்சாலும் மருந்தடிச்சுக் கொன்னுடுறாங்க. நான் படிச்சது எல்லாம் இங்கிலீஷ். நீங்க வந்து தமிழ்ல ஒரு அரை மணி நேரம் பேசுங்க லா. பிரிக்பீல்ட்ஸ்லதானே இருக்கீங்க, பேனரும் அங்கியே அடிச்சுட்டு வந்துடுங்க."

பேனர் அடிக்கிற கடை வரைக்கும் நடக்கச் சோம்பல். வாட்சாப்பில் குரல் பதிவு செய்து அனுப்பினேன்: 'ஒருங்கிணைந்த களை மேலாண்மை, பயிற்சிக் கூட்டம்.' கடைக்காரர் காதில் விழுந்தபடி அச்சடித்துச் சுருட்டிக் கொடுத்தார். அதைத் தோட்டத்து மண்டபத்தில் கொண்டு போய் விரித்துக் கட்டினால், 'ஒருங்கிணைந்த கலை மேலாண்மை' என்று பொன் எழுத்தில் மின்னியது. பக்கத்தில் இலவசமாக ஒரு பரதநாட்டியப் பெண் வேறு அரைமண்டியில் நின்றாள்.

பேனரைப் படித்துவிட்டுப் போன பத்துப் பேரும் குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கிருந்தோ கஞ்சிரா ஒன்றைச் சம்பாதித்திருந்தார். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் எழுந்து, "சார், நான் ஊர் நாடகத்துல பபூன் வேஷம் கட்டியிருக்கேன், எனக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். நான் களையைப் பற்றிப் பேசப் பேச அவர்கள் முகத்தில் இருந்த களை போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கவிதாதான் பெரிய மனது பண்ணி, மீதி நேரத்தை அவர்களுக்கே கொடுத்தாள். பபூன் உண்மையிலேயே நன்றாகச் செய்தார்.

திரும்ப என்னைக் காரில் கொண்டுவந்து விடும்போது, "நீங்க சொன்னதுல அந்தப் பாக்கியம் அக்கா விஷயம் மட்டும் எல்லாரும் கேட்டாங்க அங்கிள், அத எழுதிக் குடுங்க" என்றாள். எழுத்தில் ள ஒழுங்காக வரும் என்கிற தைரியத்தில் எழுத உட்கார்ந்தேன்.

நான் கண்டக்டராக இருந்தவன். பிரிக்பீல்ட்ஸில் இதைச் சொன்னால், "எந்த நம்பர் பஸ் அங்கிள்?" என்று கேட்கிறார்கள். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கிறவர். விடியற்காலையில் ஆள் கூப்பிடுகிற 'பெரட்டு'க்கு நிற்பதும், யாருக்கு எந்தக் காட்டில், அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவில், வேலை என்று சொல்வதும், பிறகு அந்தக் காட்டை மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்து குறை கண்டுபிடிப்பதும் அவர் தொழில். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். முதல் ஆறு வருடம் மழையில் நனைந்தேன், அட்டைக்கு இரத்தம் கொடுத்தேன், செம்பனைக்குக் குரும்பை எது குலை எது என்று கற்றுக்கொண்டேன். அதற்குமேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

எனக்குக் கிடைத்த துரைகளில் கடைசியும் சிறந்தவரும் மிஸ்டர் லிம். தோட்டத்து மேலாளரை நாங்கள் இன்றைக்கும் துரை என்றுதான் சொல்வோம், சீனராக இருந்தாலும். லிம்மின் தந்தை ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். அம்மாவும் கடையில் நின்றதால், குழந்தை லிம்மை ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். வேலைக்குப் போகிற தமிழ்த் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. ஐந்து வயது வரைக்கும் அங்கே தமிழிலேயே வளர்ந்தார். ஆறாவது வயதில் சீனப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அதனால் அவருடைய தமிழ் ஐந்து வயதோடு நின்றுவிட்டது.

ஆள் ஆறடி. கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்காத கண்கள். காட்டுக்குள் நடக்கும்போது தரையையே பார்த்து நடப்பார், பிரம்பால் செடியை விலக்கி வேரைப் பார்ப்பார், எதற்கும் பதில் சொல்வதற்கு முன்னால் மூச்சை ஒருமுறை இழுத்து விடுவார். அப்படிப்பட்டவர் வாயைத் திறந்தால், "மம்மம் சாப்ட்டாச்சா?" என்பார். லோரியைக் கால்வாயில் கவிழ்த்த டிரைவரை முன்னால் நிறுத்தி, நெருப்பாகக் கோபத்தோடு, "அச்சச்சோ! ஏன் இப்படிப் பண்ணுச்சு? இனிமே பண்ணுமா?" என்று கேட்டார். டிரைவருக்கு ஐம்பது வயது. "பண்ணாது தொர" என்றார். என்னை அவர் கூப்பிட்டது ராஜுக்குட்டி என்று. என் முழுப் பெயர் ராஜமாணிக்கம். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தவன்.

புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிடும். அவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும் துரையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிற கும்பலில் ஏழு பெண்கள். இந்த 'மருந்து' என்ற சொல்லைப் பாருங்கள். மண்டை ஓடு போட்ட டின்னில் வருகிற விஷத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. புல்லுக்கு உடம்பு சரியில்லாததுபோல வாரம் முழுக்க மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். கும்பலுக்குத் தலைமை மண்டோர் பாக்கியம். எனக்கு மூன்று வயது மூத்தவர், நான் அக்கா என்பேன். குள்ளமான உருவம், தலையில் சிவப்புத் துண்டு, தோட்டத்தில் எந்த மூலையில் யார் பொய் சொன்னாலும் கேட்கிற காது. அவருக்கு அடுத்தது சரோஜா, எதையும் ஒருமுறை எதிர்த்துப் பேசிவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள்.

மருந்து அடிப்பதற்கு முன்னால் ஆள் ஆளாக அளவு பார்க்க வேண்டும். முதுகுப் பம்பில் வெறும் தண்ணீரை ஊற்றி, அளந்து வைத்த தூரத்துக்கு நடந்துகொண்டே அடிக்கச் சொல்வேன். பிறகு பம்பில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அதை வைத்து மருந்தைக் கலப்போம். ஒவ்வொருவர் நடைக்கும் ஒரு கணக்கு. பாக்கியம் அக்கா வருடம் முழுக்க ஒரே நடை. சரோஜா கோபமாக இருந்தால் வேகமாக நடப்பாள், மருந்து குறைவாக விழும். அதனால் அவளுக்கு அளவு எடுப்பதற்கு முன்னால் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டுக்கொள்வேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரே வேதம், சுத்தம். மரத்தைச் சுற்றி வட்டம் சுத்தம், அறுவடை நடைபாதை சுத்தம், இரண்டு நிரைக்கு நடுவில் இருக்கிற இடமும் சுத்தம். மண் சிவப்பாகத் தெரிந்தால்தான் நல்ல கண்டக்டர். பாக்கியம் அக்காவின் காட்டில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று பக்கத்துத் தோட்டத்தில்கூடப் பேசுவார்கள். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அதில் மண் விழுந்தது சம்பாவ் புல்லால். தட்டையாகப் படுத்து வளர்கிற சாதாரணப் புல். ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்து அடித்து, சாகிறது எல்லாம் செத்து, சாகாதது மட்டும் விதை போட்டு, காடு முழுக்க அதுவே ஆகிவிட்டது. அளவைக் கூட்டினோம். டானிக் குடித்ததுபோல இன்னும் பசுமையாக நின்றது.

லிம் தலைமை அலுவலகத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து என்னை அறைக்குக் கூப்பிட்டார். மூச்சை இழுத்து விட்டார்.

"ராஜுக்குட்டி, ஆபீஸ்ல சொல்றாங்க. புல் வேலை எல்லாம் கொன்ட்ரெக்டருக்குக் குடுத்துடலாம்னு. ஆம்பள ஆளு வரும், பெரிய மருந்து, எல்லா எடத்துலயும் அடிக்கும். அக்கா எல்லாம் வீட்டுக்குப் போவணும்."

"வீட்டுக்கா தொர? வீடே கம்பெனி வீடுதானே?"

"ஆமா" என்றார். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஏழு பேரில் நான்கு பேர் அந்த வீடுகளில் பிறந்தவர்கள்.

அதற்கு மாற்றாக லிம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பதினாலாம் நம்பர் காட்டில் ரோட்டை ஒட்டிய இரண்டு ஏக்கர், ஆறு மாதம். எல்லாப் புல்லையும் கொல்வதில்லை. மண்ணை மூடிக் காக்கிற செடியை விட்டுவிடுவது, மரத்தோடு சண்டை போடுகிற செடியை மட்டும் எடுப்பது, மருந்தைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்வது. பெண்களின் கையாலும் கண்ணாலும் செய்கிற வேலை. மண் மூடியிருந்தால் சம்பாவ் விதைக்கு வெயில் கிடைக்காது, முளைக்காது. ஆறாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து டாக்டர் நோரா என்ற பயிர் நிபுணர் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் கும்பல் இருக்கும். இல்லையென்றால் கொன்ட்ரெக்டர்.

இதைப் பெண்களிடம் சொன்னபோது பாக்கியம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புல்ல வுட்டுடணுமா?"

"எல்லாத்தையும் இல்லக்கா. நல்லத மட்டும்."

"புல்லுல என்ன தம்பி நல்ல புல்லு? நான் இருவத்தஞ்சு வருசமா கொன்னது எல்லாம் நல்லவங்களா?"

சரோஜாதான், "வேல வேணும்ல அக்கா, வுட்டுடலாம்" என்றாள். அவள் எதிர்க்காமல் ஒப்புக்கொண்ட ஒரே நாள் அதுதான்.

எனக்குச் செடிகளின் பெயர் பாதி இங்கிலீஷில், பாதி மலாயில்தான் தெரியும். அந்தப் பெயர்களை அவர்கள் மதிக்கவில்லை. இரண்டு வாரத்தில் தாங்களாகவே பிரித்துக்கொண்டார்கள். விட வேண்டியதற்கு 'இருக்கட்டும்' என்று பெயர். பெரணி, மெல்லிய தண்டுச் செடிகள், ரோட்டோரம் நட்ட எட்டு மணிப்பூ எல்லாம் இருக்கட்டும். எட்டு மணிப்பூவின் தேனுக்கு வருகிற குளவிகள் செம்பனை இலையைத் தின்னும் புழுவைக் கொல்லும். எடுக்க வேண்டியது 'போவட்டும்'. சம்பாவ், இடுப்பளவு வளர்கிற லாலாங் புல், மரத்தில் ஏறி மூடுகிற கொடி, கட்டை பிடிக்கிற புதர்ச் செடி. லாலாங்குக்குப் பம்பு கிடையாது. கையுறைமேல் துணியைச் சுற்றி, மருந்தில் தோய்த்துப் பிழிந்து, ஒவ்வொரு தாளாக அடியிலிருந்து நுனிவரை தடவ வேண்டும். பாக்கியம் அக்கா அதை, "தலைக்கு எண்ணெ வைக்கிற மாதிரி" என்று சொல்லிக் கொடுத்தார்.

மூன்றாவது வகையைக் கண்டுபிடித்தவள் சரோஜா. கொஞ்சமாக இருந்தால் கெடுதல் இல்லை, பெருகினால் தொல்லை என்கிற செடிகள் உண்டு. அவற்றுக்கு 'பாக்கலாம்' என்று பெயர் வைத்தாள். பூப்பதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்ப்பார்கள், கூட்டம் சேர்ந்திருந்தால் எடுப்பார்கள், இல்லையென்றால் மறுபடியும் பாக்கலாம். லிம் இதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வெட்கத்தைத் தவிர. பதினாலாம் நம்பர் ரோட்டோரக் காடு. பந்திங் சந்தைக்குப் போகிற எல்லாரும் அந்த வழியாகத்தான் மோட்டார் சைக்கிளில் போவார்கள். முழங்கால் உயரம் பெரணி அடர்ந்து நிற்பதைப் பார்த்துக் குலை வெட்டுகிற ஆட்கள், "என்னாக்கா, உள்ள புலி வளக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பாக்கியம் அக்கா சிவப்புத் துண்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். இருபத்தைந்து வருடப் பெயர் ரோட்டோரத்தில் காய்வதை அவர் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது புரியவில்லை. புரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது மாதம் வந்தது. திங்கட்கிழமை காலை டாக்டர் நோரா வருகிறார் என்று செய்தி. சனிக்கிழமைப் பெரட்டில் லிம் தாமே பேசினார். அவர் சொல்ல வந்தது, மருந்து டின், பிளாஸ்டிக் பை, கிழிந்த கையுறை எதையும் காட்டில் போட்டு வைக்கக்கூடாது என்பது. அதற்கு வேண்டிய சொற்கள் ஆயாக் கொட்டகையில் கிடைக்கவில்லை.

"திங்கக்கிழம டாக்டர் வருது" என்றார். "எல்லாரும் சமத்தா இருக்கணும். காட்டுல அழுக்கு இருக்கக் கூடாது. எல்லாம் எடுத்துப் போட்டுடணும். சுத்தமா இருக்கணும், சரியா?"

"சரி தொர" என்று பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் கவனித்திருக்கலாம். எனக்குக் கிள்ளானில் மச்சினன் மகள் கல்யாணம். சனி மாலையே புறப்பட்டுப் போய், ஞாயிறு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பதினாலாம் நம்பருக்குப் போனேன். பாதையைத் தவறவிட்டு வேறு காட்டுக்கு வந்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். திரும்பிப் போய் நம்பர் பலகையைப் பார்த்தேன். பதினாலுதான்.

ஒரு புல் இல்லை. இரண்டு ஏக்கரும் சிவப்பு மண். சாங்கோல் என்கிற மண்வெட்டியால் கொத்தி, வாரி, தென்னந்துடைப்பத்தால் பெருக்கி விட்டிருந்தார்கள். துடைப்பம் போன வளைவு வளைவான கோடுகள் மண்ணில் தெரிந்தன. ரோட்டோரத்தில் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். துவைத்த சட்டை, துவைத்த துண்டு. சரோஜா பூ வைத்திருந்தாள்.

"நேத்து குடும்பத்தோட வந்துட்டோம் தம்பி" என்றார் பாக்கியம் அக்கா. "சரோஜா வூட்டுக்காரரு, எங்க மருமவன், புள்ளைங்க எல்லாரும். சாயங்காலம் ஆறு மணி ஆயிடுச்சு. எப்படி இருக்கு?"

ஆறு மாதமாக நான் பார்க்காத முகம் அது. அப்படியொரு சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து, அக்கா, உங்கள் வேலையையும் வீட்டையும் நீங்களே பெருக்கித் தள்ளிவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலேயே லிம்மின் ஜீப் வந்தது. இறங்கினார். பார்த்தார். மூச்சை இழுத்தார். விடவே இல்லை.

"ராஜுக்குட்டி" என்றார் மெதுவாக. "செடி எங்க?"

"சுத்தம் பண்ணிட்டாங்க தொர. நீங்கதான் அழுக்கு இருக்கக் கூடாதுன்னீங்க."

"அச்சச்சோ" என்றார் லிம். அந்தச் சொல்லை அவ்வளவு சரியான இடத்தில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குள் தலைமை அலுவலகத்து வண்டி வந்துவிட்டது. டாக்டர் நோரா ஐம்பது வயதுப் பெண். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் நான்கு குச்சியை ஆணியடித்துச் செய்த சதுரச் சட்டம் ஒன்று. அதைக் காட்டில் அங்கங்கே எறிந்து, சட்டத்துக்குள் எந்தச் செடி எத்தனை என்று எண்ணுவார்கள். அவர் அதைக் கையில் பிடித்தபடி வெறும் மண்ணை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தார். சட்டத்தை எங்கே எறிவது?

"இதுதான் சோதனைக் காடா?" என்று மலாயில் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "இல்லை டாக்டர். இது ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வைத்திருக்கிற காடு. சோதனைக் காடு உள்ளே, ரொம்ப தூரம், பாலம் உடைந்திருக்கிறது." முப்பத்தெட்டு வருட வேலையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அது. அதுவும் சொல்லி முடிப்பதற்குள் செத்துப்போனது.

பாக்கியம் அக்காவுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். "எந்தப் பாலம் ஒடஞ்சுது?" என்று என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி, "இதுதான் டாக்டர், பதினாலு. நாங்க ஏழு பேரும்தான் சுத்தம் பண்ணோம், நீங்க வர்றீங்கன்னு" என்றார் மலாயில்.

டாக்டர் நோரா என்னைப் பார்த்தார். நான் செம்பனை மரத்தின் உச்சியைப் பார்த்தேன்.

"ஆறு மாதம் வளர்த்த செடிகளை எறிந்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

பாக்கியம் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எறியறதா? யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். காட்டின் கடைசி நிரைக்கு அப்பால், நிழலில், ஈரச் சாக்குகள் வரிசையாக இருந்தன. வேர் மண்ணோடு தோண்டியெடுத்த பெரணிகளும் மென்தண்டுச் செடிகளும் அவற்றில் நின்றன. மேலே தண்ணீர் தெளித்திருந்தார்கள். நாற்பது சாக்குக்கு மேல் இருக்கும்.

"இது எல்லாம் இருக்கட்டும்" என்றார் பாக்கியம் அக்கா. அந்தப் பெயரை மட்டும் டாக்டருக்கு நான் மொழிபெயர்த்தேன். "நீங்க போனதும் திரும்ப நட்டுடுவோம்."

"நான் போனதுமா?"

"விருந்தாளி வர்றப்ப பாயச் சுருட்டி வைக்க மாட்டோமா டாக்டர்? விரிச்சுப் போட்டபடி இருந்தா மொகத்துல எப்படி முழிக்கிறது? நீங்க கெளம்புனதும் திரும்ப விரிச்சுக்குவோம்."

லிம் மூச்சை விட்டார். டாக்டர் நோரா சிரிக்கவில்லை. சாக்குகளுக்குப் பக்கத்தில் தனியாக ஐந்து சாக்கு இருந்தது. அதைக் காட்டி என்னவென்று கேட்டார். 'பாக்கலாம்' என்றாள் சரோஜா. அதற்கும் அப்பால் வெயிலில் காயப் போட்டிருந்த ஒரே ஒரு குவியல், முக்கால் சாக்குக்கூடத் தேறாது. அதுதான் 'போவட்டும்'.

டாக்டர் குனிந்து, இருக்கட்டும் சாக்கு ஒன்றிலிருந்து விரல் நீளத்தில் ஒரு நாற்றை எடுத்தார். பெண்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அதைப் போவட்டும் குவியலுக்குள் செருகிக் கிளறிவிட்டார். பிறகு, "இந்தக் குவியல் சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

சரோஜா உட்கார்ந்து கையால் அளைந்தாள். ஏழு குடும்பமும் அந்தக் கையில் இருந்தது, அவளுக்கு அது தெரியாது. நாற்று வெளியே வந்தது.

"யாருடி இத இங்க போட்டது?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "கண்ணு தெரியலையா? எல அடியில ரோமம் இல்ல பாரு!" நாற்றைத் துடைத்து, எந்தச் சாக்கிலிருந்து வந்ததோ அதே சாக்கில் கொண்டு போய் வைத்தாள்.

டாக்டர் நோரா தன் கையிலிருந்த சதுரச் சட்டத்தை மரத்தில் சாய்த்து வைத்தார். லிம்மிடம் இங்கிலீஷில் பேசினார். சட்டத்தை எறிந்து எறிந்து நாங்கள் பத்து இடம் எண்ணுவோம், மீதியை ஊகிப்போம். இவர்கள் இரண்டு ஏக்கரையும் கடைசிச் செடி வரைக்கும் எண்ணிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கெட்டது முக்கால் சாக்கு. நான் எழுத வேண்டிய அறிக்கை இங்கே குவியலாகக் கிடக்கிறது. இப்படிச் சொன்னார். லிம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு டாக்டர் பாக்கியம் அக்காவிடம் போய், "நான் விருந்தாளி இல்லை. பாயை விரியுங்கள், நான் இருந்து பார்க்கிறேன்" என்றார்.

"உங்கள முன்னாடி வெச்சுக்கிட்டா?" என்று பாக்கியம் அக்கா கூச்சப்பட்டார். ஆனாலும் சாக்கைத் தூக்கினார்கள். துவைத்த சட்டையோடும் வைத்த பூவோடும் ஏழு பேரும், பூட்ஸோடு டாக்டரும், பிரம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு லிம்மும், நானும் புல் நட்டோம். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மழை நல்லது, வேர் பிடிக்கும் என்று யாரும் நிறுத்தவில்லை. ரோட்டில் போன குலை வெட்டுகிற ஆட்கள் வண்டியை நிறுத்தி, துரை மழையில் உட்கார்ந்து பெரணி நடுவதை வாய் பிளந்து பார்த்தார்கள். யாரும் புலியைப் பற்றிக் கேட்கவில்லை.

மாலையில் அன்றைய வேலை அறிக்கையைக் கணினியில் பதிய வேண்டும். பட்டியலில் 'களை எடுத்தல்' மட்டும்தான் இருந்தது. காலையில் சொன்ன ஒரு பொய் போதும் என்று, குறிப்புப் பகுதியில் 'களை நடுதல்' என்று அடித்து அனுப்பினேன். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "அங்கிள், டைப்பிங் மிஸ்டேக்கா?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். "ஓகே அங்கிள், ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிட்டாள்.

நட்டதில் பாதி செத்தது. செத்த இடத்தில் தானாகவே வேறு முளைத்தது. ஒன்றரை மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஒன்றரை மாதம் பாக்கியம் அக்கா யாரிடமும் அதிகம் பேசவில்லை. நடந்ததை நான் பிறகு விளக்கியிருந்தேன். தாம் செய்த சுத்தம் ஏழு வீட்டைக் காலி செய்யப் பார்த்தது என்பது தெரிந்ததிலிருந்து, வேலை முடிந்தும் பதினாலாம் நம்பரில் குனிந்தபடி இருப்பார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடிதம் வந்த மறுநாள் பெரட்டுக்கு லிம் அதைக் கையில் பிடித்தபடி வந்தார். இரண்டு பக்க இங்கிலீஷ். கொன்ட்ரெக்டர் ஏற்பாடு கைவிடப்படுகிறது, ஏழு பேரும் அப்படியே தொடர்கிறார்கள், இன்னும் நான்கு காடுகளுக்கு இதே முறை, மற்றத் தோட்டத்து ஆட்கள் வந்து இவர்களிடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. லிம் படித்துப் பார்த்தார். மூச்சை இழுத்து விட்டார்.

"யாரும் எங்கியும் போவேணாம்" என்றார். "இங்கியே இருக்கலாம்."

பாக்கியம் அக்கா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, தொர நெசமாவே அதத்தான் சொல்றாரா? இல்ல அன்னிக்கி மாதிரி நாம தப்பா எடுத்துக்கிட்டமா?" என்று கேட்டார்.

"நெசந்தான்கா. வேலையும் நம்மளுது, வீடும் நம்மளுது."

அவர் சிவப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் பிடித்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்க என்னிடம் துண்டு இல்லை.

"அப்படின்னா இன்னொருவாட்டி சொல்லச் சொல்லுங்க" என்றார்.

லிம் இன்னொரு முறை சொன்னார்.